யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை... ஆனாலும் அது வதைதான்! - ‘ஓரங்கட்டுதல்’ எப்படி நடக்கிறது?

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போகிறாள். “இங்க இடம் இல்ல, ஆள் வருது” என்கிறாள், நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள். ஆள் யாரும் வரவில்லை. மறுநாளும் அதே பதில். மூன்றாவது நாள் இவள் கேட்கவே இல்லை. கைகழுவும் இடத்துப் பக்கம் நின்றபடியே பாதியைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறாள். “ஏன்டி சாப்பாடு மிச்சம் இருக்கு?” என்று வீட்டில் அம்மா கேட்டால், “பசிக்கலம்மா” என்பதோடு முடிந்துவிடுகிறது.

இன்னொரு காட்சி. சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு அலுவலகம். ஏழு பேர் கொண்ட டீம். காலை 11 மணிக்கு ஆறு பேர் டீ குடிக்க எழுந்து போகிறார்கள். ஏழாமவரின் நாற்காலியைக் கடந்துதான் போகிறார்கள். “வர்றீங்களா?” என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. டீமுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் இப்போதெல்லாம் பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து தவிர எதுவும் வருவதில்லை. வேலைப் பேச்சு மொத்தமும் ஆறு பேர் மட்டும் இருக்கும் இன்னொரு குரூப்பில் நடக்கிறது. கிளையன்ட் மீட்டிங் நேரம் மாறியது இவருக்கு மட்டும் தெரியாது. தாமதமாக உள்ளே நுழைந்ததும் மேனேஜர் சொல்கிறார்: “கொஞ்சம் சீரியஸா இருங்க பாஸ்.”

இரண்டும் உதாரணத்துக்காகச் சொன்ன காட்சிகள்தான். ஆனாலும் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கலாம். ஒருவேளை அது உங்கள் முகமாகவே இருக்கலாம். அல்லது, டீ குடிக்க எழுந்துபோன ஆறு பேரில் ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் என்னவென்று புகார் கொடுப்பது? “என்கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டேங்குறாங்க மிஸ்” என்று சொன்னால், “இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று கேட்பார்கள். “என்னை டீ குடிக்கக் கூப்பிடல” என்று எச்.ஆரிடம் போய் நிற்க முடியுமா? தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அற்பமான விஷயம். எல்லாம் சேரும்போது ஒரு மனிதரின் நாளையே தின்றுவிடுகிறது. புல்லியிங் வகைகளிலேயே கண்டுபிடிக்கக் கடினமான இதைத்தான் ஆய்வாளர்கள் ‘சமூகரீதியான புல்லியிங்’ என்கிறார்கள். நம் பேச்சுவழக்கில் சொன்னால், ஓரங்கட்டுவது.

‘கா’ விடுவதும் ஓரங்கட்டுவதும் ஒன்றா?

இல்லை. “உன் பேச்சு கா!” என்று விரலைக் காட்டிவிட்டு, சாயங்காலம் விளையாடப் போகும்போது ‘பழம்’ விடாத குழந்தை உண்டா? அது சண்டை. இரண்டு பேருக்கும் சம பலம். யார் வேண்டுமானாலும் கா விடலாம், யார் வேண்டுமானாலும் பழம் விடலாம்.

ஓரங்கட்டுவதில் அந்தச் சமநிலை இருக்காது. ஒரு பக்கம் கூட்டம், மறுபக்கம் ஒற்றை ஆள். எப்போது பழம் விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த ஒற்றை ஆளுக்குக் கிடையாது. பல நேரங்களில், எதற்காகக் கா விட்டார்கள் என்பதே அவருக்குத் தெரியாது.

புல்லியிங் பற்றிய நவீன ஆய்வுகளைத் தொடங்கிவைத்தவர், நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ். 1982-ன் இறுதியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கடுமையான தொல்லைதான் காரணமாக இருக்கும் என்று பேசப்பட்டது. அதைத் தொடர்ந்து 1983-ல் அந்நாட்டு அரசு நாடு தழுவிய தடுப்பு இயக்கத்தைத் தொடங்கியது. அதில் முக்கியப் பங்காற்றிய ஓல்வேயஸ் வகுத்த மூன்று அடையாளங்களைத்தான் இன்றும் உலகம் பயன்படுத்துகிறது: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் சமமாக இல்லாதபோது செய்வது.

ஆரம்பத்தில் அடி, உதை, வசவு ஆகியவற்றின் மீதுதான் ஆய்வாளர்களின் பார்வை இருந்தது. உறவுகளையே ஆயுதமாக்கும் வன்முறையைத் தனியாக அளந்து காட்டியதில் அமெரிக்க உளவியலாளர்கள் நிக்கி கிரிக், ஜெனிஃபர் குரோட்பீட்டர் இருவருக்கும் முக்கிய இடம் உண்டு. 1995-ல் வெளியான அவர்களின் ஆய்வு, ஒருவரின் நட்பையும், குழுவில் அவருக்கு உள்ள இடத்தையும் குறிவைத்துத் தாக்குவதும் வன்முறைதான் என்றது.

இது என்னென்ன வடிவத்தில் வரும்?

* ஒதுக்குவது: விளையாட்டு, சாப்பாடு, டூர், பர்த்டே பார்ட்டி, வாட்ஸ்அப் குரூப் என எல்லாவற்றிலிருந்தும் ஒருவரை மட்டும் விடுவது.
* கண்டுகொள்ளாமல் இருப்பது: அவர் பேசினால் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுவது, அவர் வந்ததும் கூட்டம் கலைவது.
* புரளி: “அவளைப் பத்தி ஒண்ணு கேள்விப்பட்டேன், யார்கிட்டயும் சொல்லாத” என்று தொடங்கும் எல்லாம்.
* மிரட்டும் நட்பு: “அவகூட பேசினா என்கூட பேசாத.”
* ‘சும்மா ஜோக்’: எல்லோர் முன்னிலையிலும் நிறம், உடல், ஆங்கில உச்சரிப்பு, ஊர் ஆகியவற்றைக் கிண்டலடித்துவிட்டு, அவர் முகம் வாடினால் “ஜோக்கைக்கூட எடுத்துக்கத் தெரியல” என்பது.

இந்தப் பட்டியலில் உள்ள எதற்கும் காயம் இருக்காது, சாட்சி சொல்ல ஆள் இருக்காது. கேட்டால் சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல சாக்கு இருக்கும். “மறந்துட்டோம்”, “நீ பிஸின்னு நினைச்சோம்”, “அவங்க எப்பவுமே இப்படித்தான், ரொம்ப சென்சிட்டிவ்.”

கூப்பிடாததற்கெல்லாமா இவ்வளவு வலி?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் கிப்ளிங் வில்லியம்ஸ். ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஃபிரிஸ்பி தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவருக்கும் சில முறை வீசிவிட்டு, சட்டென்று அவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் விளையாடத் தொடங்கிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஆட்கள்தான். ஆனாலும் அது தன்னை எவ்வளவு பாதித்தது என்பதைக் கண்டு அவரே ஆச்சரியப்பட்டார்.

அந்த அனுபவம்தான் ‘சைபர்பால்’ என்ற எளிய கணினி விளையாட்டுச் சோதனையாக வளர்ந்தது. திரையில் மூன்று பேர் பந்து வீசி விளையாடுவார்கள். அதில் ஒருவர் நீங்கள். சிறிது நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்கு வீசுவதை நிறுத்திவிடுவார்கள். சில நிமிட விளையாட்டுதான். ஆனாலும் பங்கேற்றவர்களுக்கு நான்கு விஷயங்கள் அடிவாங்கின: ‘நானும் இவர்களில் ஒருவன்’ என்ற உணர்வு, சுயமரியாதை, நிலைமை தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை, தான் இருப்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்ற எண்ணம். ‘உங்களுடன் விளையாடுவது மனிதர்கள் அல்ல, கம்ப்யூட்டர்தான்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதித்தபோதும் இதுவே நடந்தது.

2003-ல் நயோமி ஐசன்பெர்கர், மேத்யூ லிபர்மேன் ஆகியோர் வில்லியம்ஸுடன் சேர்ந்து, இந்த விளையாட்டில் ஒதுக்கப்படுபவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி அப்போது கூடுதலாகச் செயல்பட்டது. மூளையின் அந்தப் பகுதி வலிக்கு மட்டுமே உரியதல்ல என்ற மறுப்பும் ஆய்வாளர்களிடையே உண்டு. இருந்தாலும், ‘எல்லாம் மனசுல நினைச்சுக்கிறதுதான்’ என்று இதை இனி எளிதில் தள்ளிவிட முடியாது.

வலி அத்தோடு நிற்பதும் இல்லை. பிரிட்டனில் 1958-ல் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு நீண்டகால ஆய்வு இருக்கிறது. 7 வயதிலும் 11 வயதிலும் புல்லியிங்குக்கு உள்ளானவர்களிடம் அவர்களின் 50-வது வயதில் மனச்சோர்வு, பதற்றம், உறவுகளில் சிக்கல் ஆகியவை மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. 2014-ல் வெளியான முடிவு இது. ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்ற நம் ஆறுதல் எல்லோர் விஷயத்திலும் பலிப்பதில்லை.

இது ‘பொண்ணுங்க சமாச்சாரம்’தானே?

பரவலாக இருக்கும் தவறான எண்ணம் இது. பையன்கள் என்றால் அடித்துக்கொள்வார்கள், பெண்கள் என்றால் பேசாமல் இருந்தே கொல்வார்கள் என்று சினிமா முதல் ஸ்டாஃப் ரூம் வரை சொல்வதுண்டு. இது குறித்து உலகெங்கும் நடந்த 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. அடி, உதையில் ஆண் பிள்ளைகள் முன்னால் இருப்பது உண்மை. ஆனால், ஒதுக்குவது, புரளி பரப்புவது போன்ற மறைமுகத் தாக்குதலில் ஆண், பெண் வித்தியாசம் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்று அது சொன்னது.

இந்த எண்ணத்தால் பாதிப்பு இரு பக்கமும் உண்டு. பெண் குழந்தை புகார் சொன்னால், “பொண்ணுங்கன்னா அப்படித்தான்” என்று தள்ளிவிடுகிறோம். ஆண் குழந்தையோ புகாரே சொல்வதில்லை. ‘என்னை யாரும் டீம்ல எடுக்க மாட்டேங்குறாங்க’ என்று ஒரு பையன் சொல்வதற்கு வெட்கம் தடுக்கிறது.

பெரியவர்கள் இதையெல்லாம் தாண்டி வந்துவிடுவதில்லையா?

இல்லை. சாக்குகள்தான் மெருகேறுகின்றன. பள்ளியில் “உன்னைச் சேர்த்துக்க மாட்டோம்” என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். அலுவலகத்தில் “உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு நினைச்சோம்” என்பார்கள்.

1980-களில் ஸ்வீடனில் பணியாற்றிய உளவியலாளர் ஹெய்ன்ஸ் லேமன், பணியிடத்தில் ஒருவரைக் கூட்டாகச் சேர்ந்து ஒழித்துக்கட்டுவதை ‘மாபிங்’ என்று பெயரிட்டு ஆராய்ந்தார். வாரத்துக்கு ஒருமுறையாவது, குறைந்தது ஆறு மாதங்களுக்குத் தொடர்ந்து நடந்தால் அது மாபிங் என்று ஒரு கணக்கும் வைத்தார். இந்த விழிப்புணர்வின் விளைவாக, 1993-லேயே ஸ்வீடன் பணியிட ஒடுக்குதலுக்கு எதிரான தனி விதிமுறையைக் கொண்டுவந்தது.

2015-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு முக்கியமானது. ‘திட்டுவது மோசமா, கண்டுகொள்ளாமல் இருப்பது மோசமா?’ என்று ஊழியர்களிடம் கேட்டால், திட்டுவதுதான் மோசம் என்றார்கள். ஆனால், பாதிப்பை அளந்து பார்த்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. உடல்நலம், மனநலம், வேலையில் பிடிப்பு ஆகியவற்றில் கண்டுகொள்ளப்படாதவர்களுக்கே அதிகப் பாதிப்பு. வேலையை விட்டுப் போகிறவர்களும் அவர்களில்தான் அதிகம். சண்டை போடுகிறவர், எதிரில் ஓர் ஆள் இருப்பதை ஒப்புக்கொண்டுதான் சண்டை போடுகிறார். கண்டுகொள்ளாதவர் அதைக்கூடச் செய்வதில்லை.

பெரியவர்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அலுவலகத்தில் தகவல்தான் பலம். டீக்கடைப் பேச்சில்தான் புது பிராஜெக்ட் பற்றித் தெரியவரும், யாருக்கு அப்ரைசலில் என்ன கிடைக்கும் என்று தெரியவரும். அங்கிருந்து வெட்டிவிடப்பட்டவரின் வேலைத்திறனும் மெதுவாகச் சரியும். ஆறு மாதம் கழித்து, “பாத்தீங்களா, நாங்க சொன்னோம்ல, அவருக்கு டீம் ஸ்பிரிட் இல்ல” என்று சொல்வதற்கு ஆதாரமும் தயாராகிவிடும். ஒதுக்கியதால் வந்த விளைவையே ஒதுக்கியதற்கான காரணமாகக் காட்ட முடியும் என்பதுதான் இதில் உள்ள விபரீதம்.

நம் ஊருக்கு இது புதிதா?

‘அன்னந்தண்ணி புழங்கக் கூடாது’ என்று ஒரு குடும்பத்தை ஊரே விலக்கிவைக்கும் ஊர்விலக்கம் நமக்குப் பழக்கமானதுதான். கடையில் பொருள் தர மாட்டார்கள், நல்லது கெட்டதுக்கு வர மாட்டார்கள். ஜப்பானிய கிராமங்களிலும் ‘முராஹாச்சிபு’ என்ற பெயரில் இதே தண்டனை இருந்தது. உலகம் முழுக்கவே ஒரு குழு தன் ஆட்களை மிரட்டிவைக்கப் பயன்படுத்திய பழைய ஆயுதம் இது.

இந்தியாவில் இந்த ஆயுதம் சாதியோடு பிணைந்திருக்கிறது. அதனால்தான், யாரை ஒதுக்குவது என்பது பல பள்ளிகளில் தற்செயலாக முடிவாவதில்லை. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வெட்டியதாகப் பிடிபட்டவர்கள் உடன் படித்த மாணவர்கள். மாணவருக்குப் பள்ளியில் தரப்பட்ட சாதித் தொல்லை குறித்துப் பள்ளி நிர்வாகத்திடம் புகார் போனதற்குப் பிறகு நடந்த தாக்குதல் அது.

இதையடுத்து தமிழக அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்குவது ஆகிய பரிந்துரைகள் அதிகம் பேசப்பட்டன. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றும் அதில் இருந்தது: வகுப்பில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால், ‘யார் பக்கத்தில் யார்’ என்ற முடிவைக் கூட்டத்தின் கையிலிருந்து எடுத்துவிடுகிறது அது. ஓரங்கட்டுவது தொடங்கும் இடமே அந்த முடிவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சில இடங்களில் தெளிவாகச் சொல்கிறது, பல இடங்களில் மௌனமாக இருக்கிறது.

* சாதி: 1989-ன் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்யப்பட்ட திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது. எந்தக் குடும்பத்தையும் ஊர்விலக்கம் செய்வதைக் குற்றமாக்கி மகாராஷ்டிரா தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.
* கல்லூரி: 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொலை தமிழகத்தை உலுக்கியது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் யுஜிசி 2009-ல் விதிமுறைகள் கொண்டுவந்தது. சீனியர்கள் வாட்ஸ்அப் குரூப் தொடங்கி ஜூனியர்களுக்குத் தரும் மனத் தொல்லையும், ‘சொன்னதைக் கேட்காவிட்டால் ஒதுக்கிவைப்போம்’ என்ற மிரட்டலும் ராகிங்தான் என்று 2025-ல் யுஜிசி எச்சரித்தது.
* பள்ளி: கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு குழந்தைகளை உடலாலும் மனதாலும் துன்புறுத்துவதைத் தடுக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் புல்லியிங் தடுப்புக் குழு வேண்டும் என்று சிபிஎஸ்இ 2015-லேயே அறிவுறுத்தியது.
* அலுவலகம்: இங்குதான் பெரிய ஓட்டை. பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ன் சட்டம் இருக்கிறது. ஆனால் பாலியல் நோக்கமோ சாதியோ இல்லாமல் ஒரு ஊழியரைத் திட்டமிட்டு ஓரங்கட்டினால், அதற்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. நிறுவனத்தின் உள்விதிகளை நம்பித்தான் இருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஜப்பானில் 2020 ஜூனில் அமலுக்கு வந்த ‘பவர் ஹராஸ்மென்ட்’ தடுப்பு விதிகள் ஆறு வகைத் தொல்லைகளைப் பட்டியலிடுகின்றன. அதில் ஒன்று, மனிதத் தொடர்புகளிலிருந்து ஒருவரைத் துண்டிப்பது. பிரான்ஸ் டெலிகாம் நிறுவனத்தில் ஆட்குறைப்புக் காலத்தில் நடந்த ஊழியர் தற்கொலைகள் தொடர்பான வழக்கில், 2019-ல் முன்னாள் தலைமை நிர்வாகிகள் தண்டிக்கப்பட்டார்கள். ஒரு நிறுவனத்தின் கொள்கையே மனரீதியான தொல்லையாக முடியும் என்ற அந்தப் பார்வையை, 2025 ஜனவரியில் பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது.

அப்படியென்றால், இதை யார் நிறுத்துவது?

சட்டம் வந்தாலும் மதியச் சாப்பாட்டு மேஜையில் போலீஸ் வந்து உட்கார முடியாது. ஆய்வுகள் கைகாட்டுவது வேறு ஒருவரை: வேடிக்கை பார்ப்பவரை.

பின்லாந்தின் உளவியலாளர் கிறிஸ்டினா சல்மிவல்லி, 1996-ல் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, புல்லியிங்கில் இருப்பது இரண்டே பாத்திரங்கள் அல்ல என்று கண்டார். தொடங்குபவர் ஒருவர். கூடச் சேர்பவர், சிரித்து உற்சாகப்படுத்துபவர், ஒதுங்கி நிற்பவர், காப்பாற்ற முன்வருபவர் என்று மற்ற மாணவர்களில் பெரும்பாலோருக்கும் ஏதோ ஒரு பங்கு இருந்தது. ஓரங்கட்டுதலுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஒரு ஆள் தனியாக இன்னொருவரை அடிக்க முடியும். ஒரு ஆள் தனியாக இன்னொருவரை ஓரங்கட்ட முடியாது. மற்றவர்களின் ஒத்துழைப்பு இருந்தால்தான் அது நடக்கும்.

கனடாவில் டெப்ரா பெப்ளர் குழுவினர் பள்ளிகளில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவுசெய்தார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வின்படி, 88 சதவீதச் சம்பவங்களில் சக மாணவர்கள் அருகில் இருந்தார்கள். ஆனால், 19 சதவீதச் சம்பவங்களில்தான் யாராவது தலையிட்டார்கள். அப்படித் தலையிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் பத்து விநாடிக்குள் புல்லியிங் நின்றுவிட்டது.

இந்தப் புரிதலில்தான் பின்லாந்தின் டுர்க்கு பல்கலைக்கழகம் ‘கிவா’ என்ற பள்ளித் திட்டத்தை உருவாக்கியது. பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களின் நடத்தையை மாற்றுவதுதான் அதன் அடிப்படை. பல நாடுகள் அதை எடுத்துப் பயன்படுத்துகின்றன.

தலையிடுவது எளிதல்ல என்பதும் உண்மை. ‘அவனுக்காகப் பேசினா அடுத்து நான்தான்’ என்ற பயம் எட்டாம் வகுப்பிலும் இருக்கிறது, ஓ.எம்.ஆரிலும் இருக்கிறது. அதனால் எல்லோரும் எழுந்து நின்று வசனம் பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒதுக்கப்பட்டவரின் பக்கத்தில் போய் உட்காருவதும் தலையீடுதான். “மீட்டிங் 3 மணிக்கு மாத்திட்டாங்க” என்று ஒரு மெசேஜ் தட்டிவிடுவதும் தலையீடுதான். புரளி உங்களிடம் வந்து, அங்கிருந்து அடுத்தவருக்குப் போகாமல் நின்றுவிட்டால் அதுவும் தலையீடுதான்.

என்ன செய்யலாம்?

பெற்றோர் என்றால்: ‘இன்னைக்கு என்ன ஹோம்வொர்க்?’ என்ற கேள்வியோடு, ‘மதியம் யார்கூட சாப்பிட்ட?’ என்றும் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். பதில் திடீரென மாறினால் கவனியுங்கள். “நீ கண்டுக்காத”, “நீதான் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்” என்பதை முதல் பதிலாகச் சொல்லாதீர்கள். அதன் பிறகு குழந்தை எதையும் சொல்லாது. கோபத்தில் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு உடனே போன் போடுவதும் பெரும்பாலும் நிலைமையைச் சிக்கலாக்கும். என்றைக்கு, என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் போங்கள். உங்கள் குழந்தைதான் மற்றவரை ஒதுக்குகிறது என்று தெரியவந்தால், “என் புள்ள அப்படிச் செய்யாது” என்ற வாக்கியத்தை ஒருநாள் தள்ளிவையுங்கள்.

ஆசிரியர் என்றால்: ‘நீங்களே டீம் பிரிச்சுக்கோங்க’ என்று விட்டுவிடாதீர்கள். கடைசியாக மிச்சமாகும் குழந்தை எப்போதும் ஒரே குழந்தையாகத்தான் இருக்கும். இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைப்பது சண்டைக்கு உதவும். பலம் சமமாக இல்லாத புல்லியிங்கில் அது பாதிக்கப்பட்ட குழந்தைக்கு இன்னொரு தண்டனையாகிவிடும். தனித்தனியாகப் பேசுங்கள்.

அலுவலகத்தில் நடப்பது உங்களுக்கே என்றால்: ‘என்னை யாருக்கும் பிடிக்கல’ என்று சொன்னால் அது உங்கள் உணர்வாக மட்டும் பார்க்கப்படும். ‘இந்தத் தேதியில், இந்த மீட்டிங் மாற்றம் எனக்கு வரவில்லை, அதனால் இந்த வேலை தாமதமானது’ என்று சொன்னால் அது நிர்வாகப் பிரச்சினை. தேதி வாரியாகக் குறித்துவையுங்கள். “இனி மாற்றங்களை எனக்கும் மெயிலில் தெரிவிக்கவும்” என்று எழுத்தில் கேளுங்கள். டீமுக்குள் ஒரே ஒருவருடனாவது தொடர்பை விடாதீர்கள். வெளியே உள்ள நண்பர்களையும் குடும்பத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நிலைமை மாறாமல் உடல்நலம் கெடத் தொடங்கினால், வேறு வேலை தேடுவது தோல்வியல்ல.

மேனேஜர் என்றால்: வேலை சம்பந்தப்பட்ட தகவல் எல்லோரும் இருக்கும் குரூப்பில் மட்டும்தான் வர வேண்டும் என்று விதியாகவே வைக்கலாம். ஒருவரின் வேலைத்திறன் திடீரெனச் சரிந்தால், அவருக்குத் தகவல் போய்ச் சேர்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

எல்லா விலகலும் புல்லியிங்கா?

அப்படியும் இல்லை. எல்லோருடனும் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் கிடையாது. உங்களைக் காயப்படுத்திய ஒருவரிடமிருந்து விலகிக்கொள்வது தற்காப்பு. வேலையில் தவறைச் சுட்டிக்காட்டுவது மேனேஜரின் கடமை. ஒரு கல்யாணத்துக்கு அழைக்க மறந்தது மறதியாகவே இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். இது ஒருமுறை நடந்ததா, தொடர்ந்து நடக்கிறதா? நான் மட்டும் விலகுகிறேனா, மற்றவர்களையும் விலகச் சொல்கிறேனா? அவர் வந்து கேட்டால், பழம் விடுவதற்கு வழி இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல நீங்கள் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளி மாணவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர், ஒரே மாதத்தில் ஒருமுறையாவது சக மாணவர்களின் புல்லியிங்குக்கு ஆளாகியிருக்கிறார் என்கிறது யுனெஸ்கோவின் 2019 அறிக்கை. 40 பேர் இருக்கும் வகுப்பில் அது 13 பேர். அந்த வகுப்பில் ஒருகாலத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் இப்போது ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு நம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாளை காலை 11 மணிக்கு டீ குடிக்க எழும்போது, வழியில் இருக்கும் அந்த நாற்காலியைப் பார்த்து “வர்றீங்களா?” என்று கேட்க மூன்று விநாடி போதும். அவர் வராமல்கூட இருக்கலாம். அதற்கு அடுத்த நாளும் கேளுங்கள்.

உதவி தேவைப்பட்டால்: குழந்தைகளுக்கு 1098. தமிழகப் பள்ளிக் கல்வித் துறை உதவி மையம் 14417. மனநல ஆலோசனைக்கு டெலி மனாஸ் 14416. ராகிங் புகார்களுக்கு 1800-180-5522.